பெயர் இருக்கிறது, ஃபைல் திறக்கவில்லை

கேள்வி

திருப்பூர் மங்கலம் ரோட்டில் நானும் என் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி யூனிட் நடத்துகிறோம். எக்ஸ்போர்ட் கம்பெனிகள் அனுப்பும் கட்டிங் பீஸில் எம்பிராய்டரி போட்டுத் திருப்பிக் கொடுக்கிற ஜாப் ஒர்க்தான். மிஷின் பக்கம் அவர். டிசைன், பில், மெயில் எல்லாம் நான்.

போன வாரம் கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று சிவப்பாகக் காட்டியது. டிசைனை மிஷினுக்கேற்ற ஸ்டிச் ஃபைலாக மாற்றும் பஞ்சிங் வேலை செய்கிற தம்பி, "பழையது" என்று பெயர் வைத்திருந்த ஃபோல்டரை வேண்டாதது என்று நினைத்து, ஷிப்ட்டோடு சேர்த்து டெலிட் அழுத்திவிட்டான். அது டி டிரைவில் இருந்தது. டெஸ்க்டாப்பில் இருந்த இன்னொரு ஃபோல்டரும் கூடவே போய்விட்டது. ஏழு வருசத்து டிசைன். ரீசைக்கிள் பின்னில் ஒன்றும் இல்லை. இலவச சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கி, சி டிரைவில் இடம் இல்லாததால் டி-யிலேயே போட்டு ஓட்டினோம். வரிசையாகப் பெயர்கள் வந்தன. எங்களுக்கு உயிரே வந்தது. எல்லாவற்றையும் அதே டி டிரைவில் சேவ் செய்தோம். திறந்து பார்த்தால் டி டிரைவ் ஃபைல்களில் ஏறக்குறைய பாதி திறக்கிறது, மீதி எர்ரர். டெஸ்க்டாப் ஃபைல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அளவெல்லாம் சரியாகக் காட்டுகிறது, உள்ளே ஒன்றும் இல்லை.

கோயம்புத்தூரில் ஒரு கடையில் "நூறு சதவீதம் எடுத்துத் தருகிறோம்" என்கிறார்கள். கேட்கிற தொகை பெரிது. கொடுக்கலாமா? இன்ஜினியரிங் படிக்கும் என் அண்ணன் மகன், "லினக்ஸ் போட்டிருந்தால் இந்தக் கதியே வந்திருக்காது அத்தை" என்கிறான். உண்மையா? இதற்கு நடுவே குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கான முயல் டிசைன் ஒன்று ரிப்பீட் ஆர்டர் வந்திருக்கிறது. அந்த ஃபைலும் போனதில் ஒன்று. தம்பி சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. வேலையை விட்டுப் போய்விடுகிறேன் என்கிறான்.

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, திருப்பூர்

பதில்

உங்கள் கடிதம் கிடைத்ததும் நான் முதலில் சொல்லி அனுப்பியது ஒரே வரிதான்: அந்தக் கம்ப்யூட்டரை அணைத்து வையுங்கள், பில் போடக்கூட அதைத் தொடாதீர்கள். விண்டோஸ் சும்மா ஓடிக்கொண்டிருந்தாலே டிஸ்கில் எதையாவது எழுதிக்கொண்டேதான் இருக்கும். அப்டேட் இறங்கும், பிரவுசர் தன் தற்காலிக ஃபைல்களைச் சேர்க்கும், ஆன்டிவைரஸ் தன் பட்டியலைப் புதுப்பிக்கும். ஒவ்வொரு எழுத்தும் உங்கள் டிசைன் ஒன்றின்மேல் விழலாம். காரணத்தை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

நூல் குடோனில் எந்த மூட்டை எந்த ரேக்கில் இருக்கிறது என்று ஒரு ரிஜிஸ்டர் வைத்திருப்பார்கள். டெலிட் என்பது அந்த ரிஜிஸ்டரில் ஒரு வரியை அடிப்பது. மூட்டையை யாரும் தொடுவதில்லை. ரேக் காலி என்று நம்பி அடுத்த லோடை அங்கே இறக்கும்போதுதான் பழைய மூட்டை போகிறது. ஃபைலும் அப்படித்தான். அழித்த நொடியில் அது போவதில்லை. அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்காரும்போது போகிறது.

விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் அந்த ரிஜிஸ்டருக்கு எம்எஃப்டி என்று பெயர். ஒவ்வொரு ஃபைலுக்கும் அதில் வழக்கமாக 1,024 பைட் அளவில் ஒரு பதிவு உண்டு. பெயர், அளவு, தேதி, டிஸ்கில் எந்தெந்த இடங்களில் எத்தனை துண்டுகளாகக் கிடக்கிறது என்ற முகவரி எல்லாம் அதற்குள் இருக்கும். அழிக்கும்போது "பயன்பாட்டில் உள்ளது" என்ற ஒரு குறியை மட்டும் விண்டோஸ் எடுத்துவிடுகிறது. இன்னொரு பட்டியலில் அந்த இடங்களைக் "காலி" என்று மாற்றுகிறது. பெயரும் முகவரியும் பதிவுக்குள் அப்படியே நிற்கின்றன. உங்கள் சாஃப்ட்வேர் வரிசையாகப் பெயர்களைக் காட்டியது அதனால்தான். அது படித்தது ரிஜிஸ்டரை. சரக்கு இருக்கிறதா என்று பெயர்ப் பட்டியலைப் பார்த்துச் சொல்லவே முடியாது. மீட்பு சாஃப்ட்வேர் விற்பவர்கள் அந்தப் பட்டியலைக் காட்டித்தான் பணம் கட்டச் சொல்கிறார்கள். ஃபைலை முன்கூட்டித் திறந்து பார்க்க வழி தராத எதற்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

இனி டி டிரைவில் ஏன் பாதி போயிற்று என்று பார்ப்போம். சாஃப்ட்வேரை டி-யிலேயே போட்டீர்கள். அதன் சொந்த ஃபைல்களுக்கு இடம் வேண்டும். விண்டோஸ் காலி என்று குறித்திருந்த இடங்களைக் கொடுத்தது. அவை உங்கள் டிசைன்கள் இருந்த இடங்கள். புதிய ஃபைலுக்குப் பதிவு வேண்டும்போது என்டிஎஃப்எஸ் எம்எஃப்டியின் முன்பக்கத்திலிருந்து காலியான பதிவைத் தேடி எடுப்பதால், சில டிசைன்களின் முகவரியே அழிந்திருக்கும். இதைவிடப் பெரிய சேதம், மீட்டவற்றை அதே டி-யில் சேமித்தது. முதலில் மீட்ட டிசைன், இன்னும் மீட்காத டிசைனின் மேல் எழுதப்பட்டிருக்கும். இலவச சாஃப்ட்வேர் பலவும் இதைக் கேட்காமலே செய்ய விட்டுவிடுகின்றன. மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்ட விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி, எடுக்கும் டிரைவும் வைக்கும் டிரைவும் ஒன்றாக இருந்தால் வேலையே செய்யாது. எல்லாக் கருவியிலும் இருக்கவேண்டிய கட்டுப்பாடு அது.

அப்படி மேலே எழுதப்பட்டதைத் தனி மிஷின் வைத்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பீட்டர் குட்மன் என்பவர் 1996-இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து அந்த நம்பிக்கை கிளம்பியது. அந்தக் காலத்து டிஸ்கின் காந்தப் பதிவில் பழைய எழுத்தின் தடம் மிஞ்சலாம் என்றார் அவர். இன்றைய ஹார்டு டிஸ்கில் தகவல் அடுக்கப்பட்டிருக்கும் நெருக்கத்தில் அதற்கு இடமில்லை. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் தன் வழிகாட்டியில், ஒருமுறை மேலெழுதினாலே ஆய்வுக்கூடத்திலும் மீட்க முடியாது என்ற கருத்தைத்தான் சொல்கிறது.

டெஸ்க்டாப் ஃபைல்களின் கதை வேறு. வேகத்துக்காக சி டிரைவை, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியாக மாற்றியிருப்பீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அளவு சரி, உள்ளே ஒன்றும் இல்லை என்பது எஸ்எஸ்டிக்கே உரிய அடையாளம். எஸ்எஸ்டியில் ஏற்கெனவே எழுதிய இடத்தின்மேல் நேரடியாக எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியை முழுதாகத் துடைத்துவிட்டுத்தான் புதிதாக எழுதவேண்டும். எழுதும் நேரத்தில் துடைத்துக்கொண்டிருந்தால் வேகம் போய்விடும். அதனால் "இந்த இடங்கள் இனி வேண்டாம், நேரம் கிடைக்கும்போது துடைத்துக்கொள்" என்று விண்டோஸ் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இந்தக் கட்டளைக்கு டிரிம் என்று பெயர். 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. டெலிட் செய்த உடனேயே இந்தச் செய்தி போய்விடும். வாரத்துக்கு ஒருமுறை விண்டோஸ் தானாக இன்னொரு சுற்றும் நடத்தும். அதன்பிறகு அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலான எஸ்எஸ்டிகள் வெறும் பூஜ்ஜியங்களையே தரும். எம்எஃப்டி பதிவு பிழைத்ததால் பெயரும் அளவும் வந்தன. சரக்கைக் கேட்டபோது எஸ்எஸ்டி பூஜ்ஜியத்தைக் கொடுத்தது.

எந்த ஃபைலுக்கு எது நடந்தது என்று நீங்களே பிரித்தறியலாம். திறக்காத ஃபைலை, டிஸ்கின் நகலிலிருந்து வேறொரு கம்ப்யூட்டரில், ஹெக்ஸ் வியூவர் ஒன்றில் திறந்து பாருங்கள், இலவசமாகவே கிடைக்கும். ஆரம்பம் முதல் கடைசி வரை பூஜ்ஜியம் என்றால் டிரிம் வேலை. அந்த ஃபைலுக்காக அந்த எஸ்எஸ்டியின் பின்னால் இனி அலையாதீர்கள். கன்னாபின்னாவென்று வேறு ஏதோ எழுத்துகள் இருந்தால் மேலெழுதப்பட்டது. அது பாதி மட்டும் என்றால் மீதிப் பாதிக்கு இன்னும் வாய்ப்பு உண்டு.

டெஸ்க்டாப்புக்கு வேறொரு வழி இருக்கிறது. இதை இன்றே பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டுத் திறக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டெஸ்க்டாப் ஃபோல்டர், உரிமையாளருக்குத் தெரியாமலே, ஒன்டிரைவுக்கும் போய்க்கொண்டிருக்கும். உங்கள் ஃபோனிலிருந்து அந்தக் கணக்கில் நுழைந்து அங்கே இருக்கும் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். தனிநபர் கணக்கில் அழித்தது 30 நாள் அங்கே இருக்கும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டிக்கும் அதே 30 நாள்தான். டிஸ்கில் தோற்றவர்கள் பலர் இங்கே ஜெயித்திருக்கிறார்கள்.

அண்ணன் மகன் சொன்னதற்கு வருகிறேன். அவனுடைய ஆர்வம் நல்லது. ஆனால் அழித்ததை மீட்கும் விஷயத்தில் லினக்ஸ் விண்டோஸைவிடக் கடினம். பழைய ஈஎக்ஸ்டி2 முறையில் ஃபைலை அழித்தாலும் அதன் பதிவில் முகவரிகள் மிஞ்சின. எடுப்பது எளிதாக இருந்தது. 2001-இல் லினக்ஸில் சேர்ந்த ஈஎக்ஸ்டி3 அதை மாற்றியது. மின்சாரம் திடீரென்று போனாலும் டிஸ்கின் கணக்கு குழம்பக்கூடாது என்று அதில் ஜர்னல் என்ற நாட்குறிப்பைச் சேர்த்தார்கள். அழிக்கும் வேலை பாதியில் நின்றாலும் பத்திரமாகத் தொடரவேண்டும் என்பதற்காக, பதிவில் இருக்கும் முகவரிகளையெல்லாம் பூஜ்ஜியமாக்கிவிடும்படி வடிவமைத்தார்கள். இப்போது பரவலாக இருக்கும் ஈஎக்ஸ்டி4-இலும் அப்படித்தான். பெயர் ஓரிடத்தில் மிஞ்சும், சரக்கு டிஸ்கில் கிடக்கும், இரண்டையும் இணைக்கும் முகவரி மட்டும் போயிருக்கும். 2008-இல் கார்லோ வுட் என்ற நிரலாளர் தன் சொந்த ஃபைல்களையே அழித்துவிட்டு, ஜர்னலில் கிடந்த பழைய நகல்களைத் தோண்டி முகவரிகளைத் திரும்ப எடுக்க ஈஎக்ஸ்டி3கிரெப் என்ற கருவியை எழுதினார். அப்படித் தோண்டுவதற்கும் ஜர்னல் சுழன்று தன்மேல் தானே எழுதிக்கொள்ளும் முன் போயாகவேண்டும். பல யூனிட்களில் மூலையில் ஓடிக்கொண்டிருக்கும், நெட்வொர்க் வழியே ஃபைல்களைச் சேமிக்கும் நாஸ் பெட்டிகளுக்குள்ளும் பெரும்பாலும் இதே லினக்ஸ்தான் இருக்கிறது. நெட்வொர்க் ஃபோல்டரில் அழித்தால் உங்கள் கம்ப்யூட்டரின் ரீசைக்கிள் பின்னுக்கு அது வராது. நாஸிலேயே அதற்கென்று ரீசைக்கிள் பின் வசதி இருந்தால் அதை நாம்தான் இயக்கி வைக்கவேண்டும். வைத்திருப்பவர்கள் இன்று மாலை பார்த்துவிடுவது நல்லது.

இதுவரை சொன்னது டிஸ்கைப் பற்றி. உங்கள் தொழிலுக்கு டிஸ்கைவிட நல்ல சுரங்கம் ஒன்று இருக்கிறது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. திருப்பூரில் எந்த வேலையும் ஒரே கூரையின்கீழ் முடிவதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், கட்டிங் ஓரிடம், பிரிண்டிங்கும் எம்பிராய்டரியும் வேறு வேறு இடம், பவர் டேபிள் இன்னோரிடம். பீஸ் இப்படி ஊர் சுற்றும்போது அதன் டிசைனும் கூடவே சுற்றியிருக்கிறது. பையரிடமிருந்து பையிங் ஆபீஸ், அங்கிருந்து கம்பெனி மெர்ச்சண்டைசர், அவரிடமிருந்து நீங்கள், உங்களிடமிருந்து மிஷின். ஒவ்வொரு கையிலும் ஒரு நகல் தங்கியிருக்கும். அழிந்த ஃபைலை டிஸ்கில் தேடுவதற்கு முன்னால் ஊரில் தேடுங்கள்.

முதலில் பென்டிரைவ்கள். டிசைனைக் கம்ப்யூட்டரிலிருந்து மிஷினுக்குக் கொண்டுபோக ஏழு வருசத்தில் எத்தனை பென்டிரைவ் ஓடியிருக்கும்! மேஜை டிராயர், டூல் பெட்டி, ஆபரேட்டர் சட்டைப்பை எல்லாம் தேடி ஒன்றுவிடாமல் சேருங்கள். ஒன்றிலும் புதிதாக எதையும் எழுதாதீர்கள். பென்டிரைவில் பெரும்பாலும் ஃபேட்32 முறை இருக்கும். அதில் ஒரு ஃபைலை அழித்தால் இரண்டு காரியம் நடக்கும்: பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் "அழிந்தது" என்ற குறி விழும், ஃபைலின் துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து வைத்திருந்த சங்கிலி அறுக்கப்படும். முதல் துண்டு எங்கே தொடங்கியது என்பதும் மொத்த அளவும் பெரும்பாலும் மிஞ்சும். பெரிய வீடியோ போன்ற ஃபைல் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் இது போதாது. உங்கள் மிஷின் படிக்கும் டிஎஸ்டி ஃபைல் அப்படிப்பட்டதல்ல. அதில் ஒரு ஸ்டிச்சுக்கு 3 பைட்தான். முப்பதாயிரம் ஸ்டிச் டிசைன் என்றாலும் 90 கேபியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. 32 ஜிபி பென்டிரைவை விண்டோஸில் ஃபார்மேட் செய்தால் 16 கேபி அளவில் கட்டங்கள் அமையும். உங்கள் டிசைன் ஆறு கட்டங்களில் அடங்கிவிடும். அவை பெரும்பாலும் அடுத்தடுத்தே இருக்கும். சங்கிலி அறுந்தாலும் தொடக்கத்திலிருந்து நேராக எடுத்தால் முழு டிசைனும் வந்துவிடும். சாதாரண பென்டிரைவில் பொதுவாக டிரிம் தொல்லையும் கிடையாது. ஏழு வருசமாக "போட்டோம், ஓட்டினோம், அழித்தோம்" என்று பயன்பட்ட அந்தப் பென்டிரைவ்கள்தான் உங்கள் சொத்து.

டிஎஸ்டிக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. ஒவ்வொரு டிஎஸ்டியின் தொடக்கத்திலும் 512 பைட் தலைப்பு ஒன்று இருக்கும், வெறும் எழுத்தில். எல், ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் முக்காற்புள்ளியும் வந்து, பிறகு டிசைன் பெயர். அடுத்து மொத்த ஸ்டிச் எண்ணிக்கை, எத்தனை முறை கலர் மாறுகிறது, இடம் வலம் மேல் கீழ் அளவுகள் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக் கணக்கில். ரிஜிஸ்டர் முழுவதும் அழிந்துபோனாலும் டிஸ்கையோ பென்டிரைவையோ முதலிலிருந்து கடைசி வரை படித்து, இந்தத் தலைப்பு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கிருந்து வெட்டியெடுக்கலாம். ஸ்டிச் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி 512-ஐக் கூட்டினால் எவ்வளவு நீளம் வெட்டவேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஃபைல் கார்விங் என்று இந்த முறைக்குப் பெயர். பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவி இப்படித்தான் தேடுகிறது. தனக்குத் தெரியாத வகை ஃபைலின் தொடக்க அடையாளத்தை நாமே அதற்குச் சொல்லிக் கொடுக்கவும் முடியும். அண்ணன் மகனின் ஆர்வத்துக்கு இது சரியான வேலை. ஒரு நிபந்தனை: அசல் டிஸ்கில் கை வைக்கக்கூடாது, அதன் நகலில்தான் செய்து பார்க்கவேண்டும்.

இப்படி எடுத்தவற்றுக்கு ஃபைல் பெயர் இருக்காது. எது எந்த கம்பெனி டிசைன் என்று கண்டுபிடிக்க உங்கள் பழைய பில்களை எடுங்கள். எம்பிராய்டரி கூலி ஸ்டிச் கணக்கில் போடுவது என்பதால் பில்லிலோ ரேட் பேசிய மெயிலிலோ ஸ்டிச் எண்ணிக்கை இருக்கும். டிஎஸ்டி தலைப்பில் இருக்கும் எண்ணும் பில்லில் இருக்கும் எண்ணும் பொருந்தினால் டிசைன் எது என்று தெரிந்துவிடும். வட்டமாகச் சொல்லிப் பில் போட்டிருந்தாலும், கலர் மாற்றமும் அகல உயரமும் சேர்ந்தால் ஐயத்துக்கு இடமிருக்காது.

பஞ்சிங் சாஃப்ட்வேரின் மூல ஃபைலான ஈஎம்பி விஷயத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அடிக்கடி திறந்து திருத்திச் சேமிக்கும் ஃபைல் அது. அதனால் டிஸ்கில் சிதறிக் கிடக்க வாய்ப்பு அதிகம். கார்விங் முறையால் ஒட்டுமொத்தமாகக் கிடக்கும் ஃபைலைத்தான் முழுதாக எடுக்க முடியும். முகவரிப் பதிவு பிழைத்த ஈஎம்பிகள் வரும், மற்றவை வராது. டிஎஸ்டி கையில் இருந்தால் மிஷின் ஓடும். அளவை மாற்றவோ ஸ்டிச் நெருக்கத்தைத் திருத்தவோ வரும்போது மட்டும் ஈஎம்பி இல்லாத குறை தெரியும். அப்போது அந்த டிசைனை மட்டும் மறுபடி பஞ்ச் செய்துகொள்ளலாம்.

அடுத்து மிஷின் பேனல். டிசைனைப் பென்டிரைவிலிருந்து ஏற்றும்போது மிஷின் தன் மெமரியில் ஒரு நகலை வைத்துக்கொள்ளும். மெமரி நிறைந்தால் ஆபரேட்டர்கள் அழிப்பார்கள். நிறையாத வரை பழையது கிடக்கும். உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லி ஒவ்வொரு மிஷினிலும் இருக்கும் டிசைன் பட்டியலை எடுத்து, புதிய பென்டிரைவில் வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். பிறகு மெயில்: அப்ரூவலுக்கு அனுப்பியவை சென்ட் பெட்டியில் இருக்கும். பிறகு வாட்ஸ்அப். ஆண்ட்ராய்டு ஃபோனில் நாம் டாக்குமென்ட்டாக அனுப்பியவை, வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் டாக்குமென்ட்ஸ் என்ற இடத்தில் சென்ட் என்ற உள் ஃபோல்டரில் சேர்ந்து கிடக்கும். தம்பியின் ஃபோனையும் பாருங்கள், பழைய ஃபோன் டிராயரில் இருந்தால் அதையும்.

இது எம்பிராய்டரிக்காரர்களுக்கு மட்டும் நடக்கும் கதையில்லை. 1998-இல் பிக்சார் நிறுவனத்தில் "டாய் ஸ்டோரி 2" படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த ஒரு தவறான கட்டளையில் படத்தின் ஃபைல்களில் மிகப் பெரும்பகுதி அழிந்துபோனது. பேக்அப்பை எடுத்துப் பார்த்தால் அது ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் குழந்தை பெற்றதால் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார். அதற்காக அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தின் நகல் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றிக் காரில் கொண்டுவந்துதான் படத்தை மீட்டார்கள். அத்தனை பெரிய நிறுவனத்துக்கும் கைகொடுத்தது வேறொரு வீட்டில் தற்செயலாகத் தங்கிய நகல்.

இதையெல்லாம் தேடி முடித்தபிறகு மிச்சம் இருப்பதற்கு மட்டும் கடையை நாடுங்கள், டி டிரைவ் ஹார்டு டிஸ்குக்காக மட்டும். நூறு சதவீதம் என்று டிஸ்கைப் பார்க்காமலே சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். நல்ல டெக்னீஷியன் முதலில் டிஸ்கில் எழுத முடியாதபடி தடுத்து, முழு டிஸ்கையும் ஒரு நகல் எடுத்து, அதில்தான் வேலை செய்வார். "நகல் எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். கிடைத்த ஃபைல்களில் நான்கைந்தை உங்கள் முன்னால் பஞ்சிங் சாஃப்ட்வேரில் திறந்து காட்டச் சொல்லுங்கள். எடுத்தது திறந்தால்தான் பணம் என்று எழுதி வாங்குங்கள். பையர்களின் டிசைன் வெளியே போகக்கூடாதது, அதற்கும் ஒரு வரி எழுத்தில் வேண்டும். டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் மட்டும் இந்தச் சோதனைக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே அணைத்துவிடுங்கள். அது ஃபைல் பிரச்சினை இல்லை, டிஸ்கின் உறுப்புப் பிரச்சினை. தூசியில்லாத அறையும் மாற்று உறுப்புகளும் இருக்கும் இடத்துக்குத்தான் அது போகவேண்டும். எந்த நிலையிலும் டிஸ்கை "ரிப்பேர்" செய்யும் செக் டிஸ்கை ஓட்டாதீர்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறும்போது கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தால் அது தானாகவே ஓடத் தொடங்கலாம். ஆகவே அந்த டிஸ்கைக் கழற்றித் தனியே எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

கணக்கு ஃபைல்களும் அதே கம்ப்யூட்டரில் இருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. டேலி வைத்திருந்தால் டேட்டா ஃபோல்டருக்குள் ஓர் எண்ணைப் பெயராகக் கொண்டிருக்கும் உங்கள் கம்பெனி ஃபோல்டர் பத்திரமா என்று, டிஸ்கின் நகலில் பாருங்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காப்பாற்றியாகவேண்டும். தாக்கல் செய்த ரிட்டர்ன்கள் போர்ட்டலில் இருக்கும். வவுச்சர்கள் அங்கே இருக்காது.

தம்பியைப் போகவிடாதீர்கள், சகோதரி. எந்த டிசைன் எந்த மிஷினில் ஓடியது, எந்தப் பென்டிரைவில் போனது, எந்த மெர்ச்சண்டைசருக்கு அனுப்பினோம் என்பதெல்லாம் இப்போது அவன் நினைவில்தான் இருக்கிறது. பக்கத்தில் உட்காரவைத்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வேண்டுமென்றே அழித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகள் அவர்களுக்காக இருக்கின்றன, மூன்று ஆண்டு வரை சிறை. இவன் அவர்களில் ஒருவன் இல்லை. இடம் நிறைந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கு இடம் செய்து கொடுத்தான். ஏழு வருசத்து உழைப்பை "பழையது" என்ற பெயரில், ஒரே டிஸ்கில், ஒரே நகலாக வைத்திருந்தது யூனிட்டின் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டை மாற்றுவதற்குச் செலவு அதிகமில்லை. இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் போதும். ஒன்று யூனிட்டில், ஒன்று வீட்டில். வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். நகல் எடுத்து முடித்ததும் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிவிடுங்கள், ஏனென்றால் ரேன்சம்வேர் வந்தால் இணைந்திருக்கும் எல்லா டிஸ்கையும் சேர்த்துப் பூட்டும். கூகுள் டிரைவில் தானாகப் போகிறதே என்று அதை மட்டும் நம்பி இருக்கவேண்டாம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், அந்த 30 நாள் கெடு முடிந்தால் திரும்ப வராது. மாதத்தில் ஒருநாள் நகலிலிருந்து ஏதாவது ஒரு டிசைனை எடுத்து மிஷினில் ஓட்டிப் பாருங்கள். 2017 ஜனவரி 31-ஆம் தேதி கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறுதலாக ஏறக்குறைய 300 ஜிபி தரவை அழித்தபோது, ஐந்து வகை பேக்அப் ஏற்பாடு இருந்தும் எதுவும் சரியாக வேலை செய்யவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காக எடுத்து வைத்திருந்த ஒரு நகல் காப்பாற்றியது. அந்த நிறுவனம் நடந்ததை ஒளிக்காமல் உலகத்துக்கே எழுதி வைத்தது. நாமும் அதிலிருந்து படிக்க முடிகிறது.

கடைசியாக முயல். ஷிப்மென்ட் தேதி இருப்பதால் மீட்பு வேலை முடியும் வரை அதற்காகக் காத்திருக்கவேண்டாம். மெர்ச்சண்டைசரிடம் விஷயத்தை இன்றே சொல்லுங்கள். போன ஆர்டருக்கு நீங்கள் அனுப்பிய ஃபைல் அவர் மெயிலில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பையர் அப்ரூவ் செய்த சாம்பிள் பீஸை வாங்குங்கள். அதைச் சமமாக வைத்து ஸ்கேன் செய்து, அதன்மேல் தம்பி புதிதாகப் பஞ்ச் செய்யட்டும். பழைய பில்லில் இருக்கும் ஸ்டிச் எண்ணிக்கையைக் குறியாக வைத்துக்கொண்டால் நெருக்கம் எவ்வளவு என்று பிடிபடும். நூல் ஷேடு நம்பரை பையரின் டெக் பேக்கிலிருந்து எடுங்கள், டிஎஸ்டியில் நிறம் பதிவாவதில்லை. பழைய துணியின் அதே ஜிஎஸ்எம்மில் ஒரு துண்டு கேட்டு, அதில் ஓட்டிப் பார்த்து, அப்ரூவலுக்கு அனுப்பிவிட்டு பல்க் வேலையைத் தொடங்குங்கள்.